வெளி உறுப்பினர் யாருடைய வழக்கறிஞர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர்களுக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே, நிறுவனங்களின் உள்விசாரணை ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 2013ஆம் ஆண்டு விதிகள், விசாரணையின் எந்தக் கட்டத்திலும் புகார்தாரருக்கோ எதிர்த்தரப்புக்கோ வழக்கறிஞர் வாதாட இடமளிப்பதில்லை; ஆனால், இத்தகைய புகார்களை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவில், நிறுவனத்தைச் சாராத வெளி உறுப்பினராக வழக்கறிஞர் அமர்வதற்குத் தடையில்லை.

தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத்துக்காக வக்காலத்து போட்டவரே அதே நிறுவனத்தின் குழுவிலும் அமர்ந்து சாட்சிகளின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்தால், 90 நாள்களுக்குள் விசாரணை முடிந்தாலும் அந்த அறிக்கையைப் புகார்தாரர் எப்படி நம்புவார்? நிறுவனத்துடன் தமக்குள்ள தொழில்தொடர்பை வெளி உறுப்பினர் முன்கூட்டியே எழுத்துமூலம் தெரிவிப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோவை