பிளிமத் குளக்கரைகள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாசசூசெட்ஸ் பயணக் கட்டுரையில், பிளிமத் பைன் காட்டுக் குளங்களை வரத்தும் போக்கும் இல்லாமல் வற்றிக் கிடக்கும் குட்டைகள் என்றும், தூர்வாரினால் பயன்படும் என்றும் எழுதியிருந்தது, இங்கே பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் என்னை மிகவும் வருத்தியது.

தாங்கள் அறியாததன்று, பனியாறுகள் பின்வாங்கியபோது மணலுக்குள் புதைந்துபோன பனிக்கட்டிகள் உருகி உண்டான பள்ளங்களே இவை. நிலத்தடி நீர் ஏறினால் நிறையும், இறங்கினால் கரை வெளிப்படும். நீர் உயரும் ஆண்டுகளில் கரையை ஆக்கிரமித்த புதர்கள் மூழ்கி மடிகின்றன. தாழும் ஆண்டுகளில், சத்துக் குறைந்த அந்த அமில மணலில் காத்திருந்த விதைகள் முளைத்து, உலகில் மிகச் சில இடங்களிலேயே காணப்படும் பிளிமத் ஜென்ஷன் என்னும் செடி பூக்கிறது. தூர்வாரினால் அள்ளிப்போவது அந்த விதைகள்தாம்.

இந்தக் காடுகளில் திட்டமிட்டுத் தீ வைப்பதை மூடத்தனம் என்று தங்கள் இதழ் முன்பு எழுதியபோதும், பிட்ச் பைன் தீயோடு வாழப் பழகிய மரம் என்று விளக்கி எழுதினேன். அக்கடிதம் வெளிவரவில்லை.

ஒரு வறண்ட கோடையில், பூத்திருந்த கரைமீது சிலர் வண்டியோட்டி நசுக்குவதைக் கண்டு தடுக்கப் போனேன். "காய்ந்த குளம்தானே" என்றார்கள். அதே எண்ணத்தைத் தாங்களும் அச்சிடலாமா? கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் புல்வெளி உரத்திலிருந்தும் கசியும் நைட்ரஜன் இக்குளங்களைக் கெடுக்கிறது. இவற்றை நிரப்பும் அதே நிலத்தடி நீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். எங்கள் குடிநீருக்கு இதுவே முதன்மை ஆதாரம் என்று 1990-இல் அமெரிக்க மத்திய அரசே அறிவித்தது. இங்குள்ள செவ்வயிற்று ஆமைகள் 1980-இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாகப் பட்டியலிடப்பட்டன. 1983-இல் அவற்றுக்கென மாசசாய்ட் சரணாலயம் அமைந்தது. குஞ்சுகளைத் தவளையும் நாரையும் விழுங்கிவிடாதபடி, குளிர்காலம் முழுவதும் பள்ளிகளில்கூட வளர்த்து, பின்னர் குளங்களில் விடுகிறார்கள். இத்தனை பேருடைய உழைப்பையும் அந்த ஒரு வரி இல்லையென்று ஆக்கிவிட்டது.

அடுத்த இதழில் தூர்வாரும் யோசனையைத் திருத்தி இரண்டு வரி வெளியிட வேண்டுகிறேன். கட்டுரையோடு வந்த படத்தின் ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்புப் பூக்கள் ஜென்ஷன்தான். அதன் பெயரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பிளிமத்