என் மகளின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் பாடசாலை விளையாட்டு பற்றி ஒரு கட்டுரை வந்தது. மலையகத்துப் பெற்றோர் பிள்ளைகளின் வைத்தியச் சான்றிதழைக்கூட நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதில்லை, அவர்களுடைய அக்கறை அவ்வளவுதான் என்று அதில் ஒரு வரி. அந்தப் பக்கத்தை மடித்து சாமித் தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் அந்த வரிதான் நினைவுக்கு வருகிறது.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா பார்ப்பவள். சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று போர்டு மாறிவிட்டது, வேலை அதேதான். மாதா மாதம் கைக்குழந்தைகளை நிறுத்து, அட்டையில் புள்ளி வைத்து, கோடு கீழே இறங்கினால் மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சொல்லுவேன். அப்படிப்பட்ட எனக்கா பிள்ளையின் உடம்பில் அக்கறை இல்லை?

என் மகளுக்கு 15 வயது, பத்தாம் தரம் படிக்கிறாள். 1,500 மீற்றர் ஓடுவாள். பாடசாலை மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர்கூட வராது, அதிலும் பாதி மேடு. மழைக்காலத்தில் தேயிலை மலைக்கு நடுவே போகும் ரோட்டில்தான் பயிற்சி. விளையாட்டுக்கென்று ஆசிரியர் கிடையாது, கணிதம் படிப்பிக்கும் சேர்தான் விசிலையும் எடுத்துக்கொண்டு வருவார். அப்படி ஓடியே வலய மட்டத்தில் இரண்டாவதாக வந்து மாகாணத்துக்குத் தெரிவானாள்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் படிவம் கைக்கு வந்தது. வியாழன் காலை வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுக்க வேண்டும். இடையில் இருந்தது ஒரே ஒரு புதன்கிழமை. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவின் கையெழுத்து செல்லாது என்றார்கள். காலை ஐந்தரை பஸ்ஸில் நகரத்து அரசாங்க வைத்தியசாலைக்குப் போனோம். நம்பர் எடுத்துப் பத்தரை வரைக்கும் நின்ற பிறகு, இது நோயாளிகளுக்கான வரிசை, விளையாட்டுச் சான்றிதழ் இங்கே தருவதில்லை, வேறு நாள் வாருங்கள் என்றார்கள். வேறு நாள் எங்களுக்கு எங்கே இருந்தது? நான் மாதச் சம்பளக்காரி, லீவு போட்டேன். கொழுந்தெடுக்கும் தாயாக இருந்தால் அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியில் டவுனில் ஒரு பிரத்தியேக டிஸ்பென்சரிக்குப் போனோம். 1,500 ரூபா வாங்கினார்கள். வைத்தியர் மகளை உட்காரக்கூடச் சொல்லவில்லை. குழாய் அவர் கழுத்தில் தொங்கியபடியே இருந்தது. படிவத்தில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் ஒரே இழுப்பில் 'இல்லை' என்று கோடு போட்டு, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினார். படிவம் சிங்களத்தில் இருந்தது, எனக்கு வாசிக்க வராது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் அரச கரும மொழி என்று எழுதினார்கள். எங்கள் மலைக்கு வருகிற படிவத்தில் இன்னும் அதைக் காணவில்லை.

அந்தக் கேள்விகள் என்னவென்று மகள் பஸ்ஸில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா? குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது இதய நோயால் திடீரென்று இறந்தார்களா? எனக்குக் கை நடுங்கிவிட்டது. போன வருடம் பயிற்சியில் கடைசிச் சுற்றில் இவள் கண் இருட்டி விழுந்தவள். என் அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கும்போது சரிந்து, தோட்டத்து லொறியில் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டான். அப்போது அவனுக்கு 31 வயது. இரண்டுக்கும் 'ஆம்' என்று எழுதியிருக்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை ஆசிரியரே.

மகளை மாகாணப் போட்டிக்கு அனுப்பவில்லை. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) டொக்டர் மிஸ் எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சோற்றுப் பார்சலை மூடி வைத்துவிட்டு மகளை பெஞ்சில் உட்காரவைத்தார். பக்கத்துப் பிள்ளைகளை விட சீக்கிரம் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, குளிரில் ஓடினால் மூச்சு இளைக்கிறதா, தலையில் எப்போதாவது அடிபட்டதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷர் பார்த்தார். படுக்கவைத்தும் உட்காரவைத்தும் நிற்கவைத்தும் குழாய் வைத்துக் கேட்டார். முழங்காலையும் கணுக்காலையும் மடக்கிப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு போலிருக்கிறது என்றார். எல்லாம் இருபது நிமிடம்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு 12க்குக் குறையக் கூடாதாம். அண்ணனின் கதையைக் கேட்டு ஈசிஜி எடுக்கவும், கண்டிக்குப் போய் எக்கோ என்ற இதய ஸ்கேன் செய்யவும் துண்டு எழுதித் தந்தார். எக்கோவுக்கு நான்கு மாதம் காத்திருந்தோம். இதயத்தில் குறை இல்லை என்றார்கள். அன்றிரவுதான் நான் ஒழுங்காகத் தூங்கினேன். இரும்புச்சத்துக் குளிசையோடு டொக்டர் மிஸ் இன்னொன்றும் சொன்னார்: சாப்பிட்ட கையோடு சாயத் தேத்தண்ணி குடிக்காதே, அது சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. காலையில் ரொட்டியும் தேத்தண்ணியுமாக வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தேயிலைக்கு நடுவே பிறந்த எங்களுக்கு இதை எந்தக் காலத்திலும் ஒருவரும் சொல்லவில்லை.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயதுப் பிள்ளை இறந்தபோது பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்தார்கள். பெற்ற தாய் மறப்பாளா? பரிசோதித்தால் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. 2021 யூரோ உதைபந்தாட்டப் போட்டியில் டென்மார்க் வீரர் எரிக்சன் இதயம் நின்று மைதானத்திலேயே விழுந்தார், அவரைப் பார்க்காத வைத்தியர்களா? ஆனால் அவருக்குப் பக்கத்தில் இதயத்தை மறுபடி இயக்கும் கருவியும் ஆட்களும் இருந்தார்கள். எங்கள் பிள்ளை விழுந்தால் பக்கத்தில் கணித சேரும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்தான் இருக்கும். அதனால்தான் ஓட விடுவதற்கு முன்பே பாருங்கள் என்று கேட்கிறோம்.

பாடசாலைகளில் 1, 4, 7, 10ஆம் தரங்களுக்குச் சுகாதாரக் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. அதே நாளில் விளையாட்டுக்குத் தெரிவான பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தினால் என்ன? அதற்குப் புதுக் கட்டடம் வேண்டுமா, புதுச் சட்டம் வேண்டுமா? வலயக் கல்விப் பணிமனையும் எம்.ஓ.எச். காரியாலயமும் ஒரு தொலைபேசி அழைப்பில் பேசி முடிக்கிற காரியம். அதைச் செய்யாமல், புதன்கிழமை ஒரு நாளில் முத்திரை வாங்கி வரச் சொல்லிவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று எழுதுகிறார்கள். நீங்களும் அதை அச்சில் போட்டுவிட்டீர்கள். இருபது வருடமாக வாசிக்கும் பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் படிவத்தில் உள்ள கேள்விகளைத் தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்தில் போடுங்கள். ஜனவரியில் பாடசாலை தொடங்கியதும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் ஓடத் தொடங்குவார்கள், அதற்கு முன் வந்தால் நல்லது. வெட்டி எடுத்துப் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டிவைப்பேன். குழந்தையை விட வரும் தாய்மார் வாசிப்பார்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் வாசித்துச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பொகவந்தலாவை.