கம்பிவலையை மறைய வைத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் கேமராவோடு போய்வருகிற எங்கள் கூட்டத்தின் சார்பில் இந்த மடலை எழுதுகிறோம். இந்த வருடப் படங்கள் நன்றாகத் தேறியிருக்கின்றன. புது லென்ஸ் யாரும் வாங்கவில்லை. அதே பழைய 70-300 மி.மீ. லென்ஸ்கள், அதே கைப்பேசிகள். தேற வைத்தவர்களில் பாதிப் பேர் கேமராவைக் கையில் எடுத்ததே கிடையாது. யார் என்ன கொடுத்தார்கள் என்று விவரமாகவே எழுதுகிறோம். அடுத்துக் கிளம்புகிறவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி விலங்குக் காப்பாளர்களுக்கு. கூண்டு கழுவி, இரை வைத்து, ஒரே விலங்கோடு வருடக்கணக்கில் பழகியவர்கள் அவர்கள். காலையில் வெளியே விட்டதும் புலி தன் எல்லையை ஒரு சுற்று சுற்றி மோப்பம் பார்க்கும். வெயில் ஏறினால் நிழலில் சாய்ந்துவிடும். சாயங்காலம் இரவுக் கூண்டின் கதவுப் பக்கமே நடந்துகொண்டிருக்கும், இரை உள்ளேதான் வரும் என்று அதற்குத் தெரியும். இந்த மூன்றையும் சொன்னவர்கள் அவர்கள்தான். அதனால் காலையில் கதவு திறந்ததும் வழியிலுள்ள மானையும் பறவையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேரே புலியிடம் போய்விட வேண்டும். 600 ஹெக்டேர் பூங்காவில் நின்று நின்று போனால், போய்ச் சேரும்போது புலி படுத்திருக்கும்.

ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கிற புலியைத் துரத்திப் படம் எடுக்கக் கூடாது. அது திரும்பும் இடம் ஒன்று இருக்கும். அங்கே தலையைக் கொஞ்சம் தூக்கி, முகத்தை நம் பக்கம் கொண்டுவந்து திரும்பும். அந்த இடத்துத் தரையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் நிறுத்தி, திரும்பும்போது நாலைந்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் போதும். படுத்திருக்கிற புலி எழுந்திருக்கப் போகிறது என்பதற்கும் அறிகுறி உண்டு: முன்காலை நீட்டிச் சோம்பல் முறிக்கும், கொட்டாவி விடும். ஒரு கொட்டாவியோடு பெரும்பாலும் நிறுத்தாது. முதல் கொட்டாவி தப்பினால் கேமராவைக் கீழே இறக்காமல் காத்திருக்க வேண்டும். வாய் முழுதாகத் திறக்கும் கணத்தில் புலி கண்ணை இறுக்க மூடிக்கொள்ளும்; படத்தில் பல் இருக்கும், உயிர் இருக்காது. வாய் திறக்கத் தொடங்கும்போதோ மூடிவரும்போதோ எடுத்தால் கண் திறந்திருக்கும்.

சிங்கவால் குரங்குகளிடம் எப்படி நடந்துகொள்வது என்பதையும் அவர்களே சொன்னார்கள். குரங்குக்கு நேருக்கு நேர் முறைத்துப் பார்ப்பது மிரட்டல். பெரிய லென்ஸ் அதற்கு ஒரு பெரிய கண். பல் தெரியச் சிரிப்பதையும் தவிர்க்க வேண்டும். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, கேமராவைச் சில நிமிடம் மடியிலேயே வைத்திருந்தால் அது தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். விசில் அடிப்பது, கண்ணாடியைத் தட்டுவது, கடலை எறிவது எல்லாம் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவின்படி குற்றம். படத்துக்கும் அது கேடு: மிரண்ட விலங்கின் காது பின்னால் மடங்கியிருப்பதும் உடம்பு சுருங்கியிருப்பதும் படத்தில் அப்படியே தெரியும்.

அடுத்து, வெயிலில் எங்களுக்காகக் குடை பிடித்தவர்களுக்கு. கம்பிவலை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அந்தக் குடையின் அருமை புரியும்.

வலையில் லென்ஸை ஒட்டி வைத்து எடு என்று எல்லோரும் சொல்வார்கள். நம் பூங்காக்களில் பெரும்பாலான கூண்டுகளுக்கு முன்னால் தடுப்பு உண்டு. வலைக்கும் நமக்கும் நடுவே ஒன்று, ஒன்றரை மீட்டர் இருக்கும். அதைத் தாண்டக் கூடாது, கையையும் நீட்டக் கூடாது. நின்ற இடத்திலிருந்தே வலையைக் கரைக்க வேண்டும், கரைக்கவும் முடியும். 300 மி.மீ. லென்ஸை எஃப் 5.6இல் வைத்தால் ஒளி நுழையும் வட்டத்தின் (அப்பர்ச்சரின்) விட்டம் சுமார் 54 மி.மீ. அதன் முன் 3 மி.மீ. கம்பி வந்தால் வட்டத்தில் ஒரு மெல்லிய பட்டையை மட்டும் மறைக்கும். மிச்ச ஒளி அதன் இருபுறமும் சுற்றி வந்து விடும். அதே லென்ஸை எஃப் 16இல் வைத்தால் விட்டம் 19 மி.மீ.தான், கம்பி அதில் பெரும் பங்கை மறைத்து, படத்தில் சாம்பல் கோடாகவே நிற்கும். வெயில் பிரகாசமாக இருக்கிறதே என்று அப்பர்ச்சரைக் குறைக்கிறவர்கள் சிக்குவது இங்கேதான். வெளிச்சம் அதிகமென்றால் ஷட்டரை வேகமாக்குங்கள், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) இறக்குங்கள், அப்பர்ச்சரைத் தொடாதீர்கள். விலங்கு வலையை ஒட்டி நிற்கும்போது எந்த லென்ஸாலும் வலையைக் கரைக்க முடியாது. வலையிலிருந்து அது மூன்று மீட்டராவது உள்ளே போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வலைக்கும் இதே கணக்கு.

இவ்வளவும் சரியாகச் செய்தும் படம் பால் ஊற்றினாற்போல வெளுத்து வந்தால், வலைமேல் வெயில் படுகிறது என்று பொருள். வெள்ளி நிறத் துத்தநாகப் பூச்சு பளபளத்து, அந்த ஒளி படம் முழுக்கப் பரவும். கறுப்புப் பெயிண்ட் அடித்த வலையில் இந்தத் தொல்லை குறைவு. வழி இரண்டு: மரநிழல் விழும் பக்கமாக நகர்ந்து நிற்பது, அதற்கு வாய்ப்பில்லையென்றால் கூட வந்தவர் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று குடையை உயர்த்திப் பிடித்து, லென்ஸ் பார்க்கும் அந்த ஒரு சாண் வலையை நிழலாக்குவது. வெயில் நமக்குப் பின்னாலிருந்து சாய்வாக விழும்போதுதான் குடை பலிக்கும். கூண்டின் முன் சட்டென்று குடையை விரித்தால் மான்கள் சிதறி ஓடும். தள்ளி நின்று விரித்து, மெதுவாக எடுத்து வர வேண்டும். படம் எடுக்கும் ஆசை துளியும் இல்லாமல், பிள்ளைகளுக்குத் துணையாக வந்து, மணிக்கணக்கில் குடை பிடித்த அம்மாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கரடியின் வெளுத்த மூக்கும் மண் ஒட்டிய நகமும் தெளிவாக விழுந்த படம் உங்கள் கையில் பிறந்தது.

கேமரா விலங்கை விட்டுவிட்டு வலையில் ஃபோகஸ் பிடித்தால், ஃபோகஸ் புள்ளியை ஒன்றாக்கி வலையின் ஓட்டை வழியே விலங்கின் கண்மேல் வையுங்கள். லென்ஸின் பக்கவாட்டில் தூர வரம்பு பொத்தான் இருந்தால் கிட்டத்துத் தூரத்தை அடைத்துவிடுங்கள். லென்ஸ் முன்னும் பின்னும் அலையாது.

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. பாம்புக் கூண்டு போன்ற கண்ணாடி அடைப்புகளில் எதிரொளிப்புதான் எதிரி. 60 செ.மீ. சதுரக் கறுப்புத் துணியில் நடுவே ஓட்டை போட்டு, எலாஸ்டிக் வைத்து லென்ஸ் மூக்கில் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்ணாடியில் விழாது. நாங்கள் எடுத்துப்போன துணி சாட்டின். அது பளபளக்கும், இதற்கு ஆகாது என்று ஒரே பார்வையில் சொல்லி, கறுப்பு வெல்வெட்டில் வெட்டிக் கொடுத்தார். ஓட்டை லென்ஸ் விட்டத்தைவிட ஒரு செ.மீ. சிறியதாக இருந்தால்தான் நழுவாது என்பதும் அவர் கணக்கு. ஓரத்தை இரட்டை மடிப்பாகத் தைத்ததால் துணி கனத்து, காற்றில் மடங்காமல் தொங்குகிறது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கண்ணாடி முன் செய்ய வேண்டியவை இன்னும் சில. வெள்ளைச் சட்டை வேண்டாம். கண்ணாடியில் முதலில் தெரிவது அதுதான். கைரேகை படிந்த இடத்தை மென்துணியால் துடையுங்கள். லென்ஸைக் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக வையுங்கள். தடித்த கண்ணாடி வழியே சாய்த்து எடுத்தால் விளிம்புகள் இரட்டையாகக் கலங்கும். ஃப்ளாஷ் கூடவே கூடாது. எதிரொளிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி வாங்கிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. கண்ணாடியைச் சாய்வாகப் பார்க்கும்போதுதான் அது எதிரொளிப்பை வெட்டும், நேராக வைத்தால் ஒன்றும் செய்யாது. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப், அதாவது பாதி முதல் முக்கால் பங்கு வெளிச்சத்தை மட்டும் தின்றுவிடும். அதன் இடம் முதலைக் குளம்: நீர்ப்பரப்பைச் சாய்வாகப் பார்க்கும்போது மேல்மினுக்கம் விலகி, நீருக்கடியில் இருக்கும் உடம்பும் தெரியும். கைப்பேசிக்காரர்களுக்குக் கண்ணாடி நல்ல இடம், ஒட்டி வைக்கலாம். ஆனால் வெளிச்சம் குறைந்தால் 3 மடங்கு ஜூம் தட்டினாலும் பல கைப்பேசிகள் முதன்மை லென்ஸிலேயே எடுத்து வெட்டிக் கொடுத்துவிடும். ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருளவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை.

முதலைப் பண்ணையில், நின்ற இடத்திலிருந்து எங்களைப் பத்தடி நகர்த்திய ஊழியருக்கு நன்றி. கரியால் என்கிற சொம்புமூக்கு முதலையை எதிரில் நின்று எடுத்தால் கண் தெளிவாகவும் மூக்கு நுனி பஞ்சாகவும் வரும். காரணம் கணக்கில் இருக்கிறது. 300 மி.மீ., எஃப் 5.6, தூரம் 5 மீட்டர் என்றால் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. எஃப் 11க்குப் போனாலும் 12 செ.மீ.தான். வளர்ந்த கரியாலின் மூக்கோ அரை மீட்டருக்கு மேல். பக்கவாட்டில் நகர்ந்து, கண்ணும் மூக்கு நுனியும் நம்மிடமிருந்து ஒரே தூரத்தில் வருமாறு நின்றால், எஃப் 8 போதும். அசையாமல் கிடக்கும் முதலைக்கு ஷட்டர் 1/125கூடத் தாங்கும், கேமராவை ஓர் அரிசிப் பைமேல் சாய்த்து வைத்தால்.

கடலூர் மஞ்சக்குப்பத்து ஓவிய ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. கறுப்புக் கரடியும் வெள்ளைப் புலியும் ஏன் சாம்பலாக வருகின்றன என்பதைக் காகத்தையும் கொக்கையும் வைத்தே புரிய வைத்தார். கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். படச் சட்டகத்தைக் கறுப்பு நிரப்பினால் ஒளியைக் கூட்டும், வெள்ளை நிரப்பினால் குறைக்கும். ஆகவே காகத்துக்கு மைனஸ் 2/3, கொக்குக்கு பிளஸ் 2/3 என்று கேமராவின் ஒளித் திருத்தத்தை நாம் மாற்ற வேண்டும். காகம் வெளுத்த வானத்துக்கு எதிரே சிறிதாகத் தெரிந்தால் கணக்கு தலைகீழ்; பிளஸ் வேண்டும். கடற்கரைக் காகமும் ஊசுடு ஏரிக் கொக்கும் காசில்லாமல் கிடைக்கும்போது, இந்தப் பயிற்சியை வண்டலூர் போய்ச் செய்ய வேண்டியதில்லை. வெள்ளைப் புலிக்கு ஒரு எச்சரிக்கை: வெயிலில் நிற்கும்போது பிளஸ் வைத்தால் முதுகு மயிர் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். ஹிஸ்டோகிராம் எனும் ஒளிப் பரவல் வரைபடம் வலது சுவரில் முட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படம்.

வேன் ஓட்டுநருக்கு நன்றி. செங்கல்பட்டு தாண்டியதும் ஏசியை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிடுவார். ஏசியில் குளிர்ந்த கேமராவை நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டென்று எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். வெளிப்புறத்தைத் துடைத்தாலும் உள்கண்ணாடி தெளிய அரை மணி ஆகும். அந்த அரை மணிதான் புலி நடக்கும் நேரம்.

பூஞ்சை பிடித்த இரண்டு லென்ஸ்களை மீட்டுக் கொடுத்த பழுதுபார்ப்பவருக்கும் நன்றி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தோல் பையில் வைத்த லென்ஸ் தப்பாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, ஈரமானி, சிலிக்கா ஜெல் வேண்டும். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். ஜெல்லின் நீல மணிகள் இளஞ்சிவப்பானால் காய வைக்க வேண்டும், சமையல் பாத்திரத்தில் வைக்காதீர்கள்.

பிரிண்ட் கடைத் தம்பிக்கும் நன்றி. திரை வெளிச்சத்தைப் பாதியாக இறக்கிவிட்டுப் படத்தைத் திருத்தச் சொன்னவர் அவர். முழு வெளிச்சத்தில் திருத்திய கரடியெல்லாம் தாளில் கரிக்கட்டையாக வந்திருந்தது. 8க்கு 12 அங்குலத்துக்கு 2400க்கு 3600 பிக்சல் வேண்டும், அதற்குக் கீழே வெட்டாதீர்கள் என்றும் சொன்னார்.

அந்த அளவிலேயே பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை பூங்கா விடுமுறை என்பதால் புதன்கிழமை, அன்றைய முதல் வண்டியில் வருகிறோம். காப்பாளர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளும் விலங்கின் படம் உங்கள் உங்கள் கைக்கு வரும். தையல் கடை அண்ணனுக்கு, அவர் தைத்துக் கொடுத்த வெல்வெட் துணி வழியே நாங்கள் எடுத்த மலைப்பாம்பு.

அன்பும் நன்றியும்,
புதுச்சேரி – கடலூர் படக் கூட்டத்தினர்