மகளைப் பத்தியும் ஒரு பக்கம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த பிரெஞ்சுப் புரட்சி கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா ராணி மேரி அன்டோனெட்டை கில்லட்டின்ல வெட்டினதோட நிறுத்திட்டீங்க. அவங்க மூத்த மக மரி தெரேஸ் என்ன ஆனான்னு ஒரு வரிகூட இல்ல. நானும் ஒரு பொண்ணைப் பெத்தவ, எனக்கு அதுதான் உறுத்துச்சு.

1792 ஆகஸ்ட்ல குடும்பத்தையே பாரிஸ்ல டெம்பிள் கோபுரத்துல அடைச்சப்போ அவளுக்கு 13 வயசு. அடுத்த ஜனவரியில அப்பா, ராஜா 16-ம் லூயியோட தலையை வெட்டிட்டாங்க. ஜூலையில 8 வயசுத் தம்பியைப் பிரிச்சு கீழ் மாடியில வச்சு, பெத்தவங்களையே ஏசுற பாட்டைப் பாட வச்சாங்க, அந்தச் சத்தம் மேல இருக்கிற அம்மா, அக்கா காதுல விழுமாம். ஆகஸ்ட்ல அம்மாவைக் கூட்டிட்டுப் போனாங்க, 1794 மே மாசம் அத்தை எலிசபெத்தையும். அப்புறம் ஒரு வருஷத்துக்கும் மேல அவ தனியாவே கிடந்திருக்கா.

அம்மா 1793 அக்டோபர் 16-லேயே போய்ட்டாங்க, ஆனா அதை அவகிட்ட யாருமே சொல்லல. அம்மாகிட்ட விடுங்கன்னு கேட்டுக்கேட்டு ஓஞ்சுபோய், அம்மாவைப் பத்தி ஒரு சேதியும் தெரியல, உலகத்துலயே பாவப்பட்டவ நான்தான்னு சுவத்துல எழுதி வச்சிருக்கா. 1795-ல துணைக்குன்னு அனுப்பின ஒரு பெண்மணி சொல்லித்தான் அம்மா, அத்தை, தம்பி மூணு பேருமே இல்லன்னு தெரிஞ்சுது. ரொட்டிக்கு அலைஞ்ச ஜனங்க கோபத்துல நியாயம் இருக்கு, நான் இல்லைங்கல, ஆனா செத்த சேதியைக்கூட பிள்ளைகிட்ட மறைச்சதுல என்ன நியாயம்?

17-வது பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி வெளிய விட்டாங்க, அதுவும் ஆஸ்திரியா பிடிச்சு வச்சிருந்த பிரெஞ்சுக் கைதிகளுக்குப் பதிலா. வியன்னா, மித்தாவ், வார்சா, இங்கிலாந்துன்னு ஊர் ஊரா இருந்தா, சித்தப்பா மகனைத்தான் கட்டிக்கிட்டா, பிள்ளை கிடையாது. 1814-ல நெப்போலியன் பதவியிழந்து, இவ குடும்பம் மறுபடி ஆட்சிக்கு வந்தப்போ நாடு திரும்பினா. அடுத்த வருஷமே நாடு கடத்தி வச்சிருந்த எல்பா தீவுல இருந்து நெப்போலியன் வந்துட்டாரு, பிரான்ஸ்ல இருக்கிற போர்டோ ஊர்ல இவளே பட்டாளத்துக்காரங்க முன்னாடி போய் நின்னு எங்க பக்கம் நில்லுங்கன்னு கேட்டா. அந்தக் குடும்பத்துலயே ஒரே ஆம்பள இவதான்னு நெப்போலியன் சொன்னதா சொல்லுவாங்க.

1830-ல வந்த இன்னொரு புரட்சியில மறுபடி நாட்டை விட்டுக் கிளம்பினவ திரும்பவே இல்ல. 1851 அக்டோபர் 19-ல இறந்தா, அம்மா நினைவுநாள் முடிஞ்சு மூணே நாள். இப்ப ஸ்லோவேனியாவுல இருக்கிற ஒரு மடத்துல புதைச்சிருக்காங்க.

அடுத்த இதழ்ல இவளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க சார், அந்தச் சுவத்து எழுத்தையும் முழுசா மொழிபெயர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
உங்க பல வருஷத்து வாசகி