பெட்டியோடு வரும் புரொப்பல்லர்: மோட்டார் கடைக்காரர்களுக்கும் சங்கத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

குமரி மாவட்ட மேற்குக் கரையில் வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு மோட்டார் விற்கும் கடைக்காரர்களுக்கும், எங்கள் ஊர்களின் மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் 27 அடி பைபர் வள்ளத்தில் தொழில் செய்பவன். என்னையும் சேர்த்து நாலு பேர். வலை, ஐஸ் பெட்டி, மண்ணெண்ணெய் கேன், சோற்றுப் பாத்திரம் எல்லாம் ஏறிய பிறகு வள்ளத்தின் பக்கப்பலகை எவ்வளவு தண்ணீருக்கு மேல் நிற்கும் என்று உங்களில் கடற்கரைக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்களுக்குத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு புதிதாக 9.9 எச்.பி. (குதிரைத்திறன்) மண்ணெண்ணெய் மோட்டார் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர், டீ வாங்கித் தந்தார். ரொக்கம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஜாமீன் யார் என்று கேட்டார். வள்ளம் எத்தனை அடி, எத்தனை பேர் போகிறீர்கள், என்ன வலை, கரையிலிருந்து அலை தாண்டி இறக்குகிறீர்களா, துறைமுகத்திலிருந்து போகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்தார், தண்ணீருக்குள் சுற்றி வள்ளத்தைத் தள்ளுகிற புரொப்பல்லரை உள்ளேயிருந்து எடுத்து மாட்டினார், கையெழுத்து வாங்கினார். என் மனக்குறை முழுதும் அந்தக் கேட்காத கேள்விகளைப் பற்றித்தான்.

வாங்கிய இரண்டாவது வாரமே மோட்டார் முக்க ஆரம்பித்தது. கைப்பிடியை முழுசாகத் திருப்பினாலும் சத்தம் ஏறாது, மூட்டை தூக்குகிறவன் மூச்சு விடுகிற மாதிரி கனத்துக் கிடக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆடி மாதக் கடலில் வள்ளம் இறக்குவது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய அலை இரண்டு உடைந்த பிறகு கிடைக்கிற இடைவெளியில் ஒரே மூச்சில் வெளியே பாய வேண்டும். அந்த இடத்தில் மோட்டார் தயங்கினால் அடுத்த அலை வள்ளத்தின் முன்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே போட்டுவிடும். எங்களுக்கு ஒரு நாள் அப்படித்தான் ஆயிற்று. ஆளுக்கு ஒன்றும் இல்லை. வலை பாதி போயிற்று.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். திறந்து பார்த்து, எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அது உண்மைதான். அப்புறம் சொன்னதுதான் உண்மையில்லை: "உங்கள் வள்ளம் பெரிசு, இதுக்கு 9.9 காணாது, 25 எடுங்க." நானும் கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டு கடனுக்கு ஆள் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

பக்கத்து ஊரில் ஒரு வயசான மெக்கானிக் இருக்கிறார், இப்போது வேலைக்குப் போவதில்லை. தற்செயலாகக் கரைக்கு வந்தவர் மோட்டாரின் மூடியைத் தொடவே இல்லை. குனிந்து புரொப்பல்லரைத் திருப்பி, நடுக்குடத்தில் இருந்த பெயின்டை நகத்தால் சுரண்டி, அங்கே அச்சடித்திருந்த எண்ணை வாசித்தார். 9¼ × 9. "இது ஆள் ஏறாத போட்டுக்கு வெட்டினதுடா மக்களே" என்றார்.

அந்த எண்ணைப் பற்றி எங்கள் கரையில் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் பேந்தப் பேந்த விழிப்பார்கள். எனக்கும் அதுவரை தெரியாது. முதல் எண் விட்டம், அங்குலத்தில். இரண்டாவது எண் பிட்ச்: தண்ணீர் நழுவாமல் இருந்தால் புரொப்பல்லர் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. கட்டுமரம் வலித்த பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வெறும் மரம் என்றால் துடுப்பை நீள வீசி வலிக்கலாம். வலையும் மீனும் ஏறிய மரம் என்றால் சின்னச் சின்னதாக, அழுத்தி வலிப்பார்கள். கனத்த மரத்தில் நீள வலித்தால் தோள்தான் கழன்று போகும், மரம் நகராது. பிட்ச் கூடிய புரொப்பல்லர் நீள வலிக்கிற கை.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுகிற சின்ன டேக்கோமீட்டர் ஒன்றை அவர் கொண்டுவந்தார். அதன் வயரைப் பிளக் வயரில் சுற்றி, வழக்கமான சுமையோடு, நாலு பேரும் ஏறி, முழுக் கைப்பிடியில் ஓட்டிப் பார்த்தோம். 4,200 சுற்று. அதற்கு மேல் ஏறவே இல்லை. மோட்டாரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொன்னால், முழு வேகத்தில் 4,500-க்கும் 5,500-க்கும் இடையே சுற்ற வேண்டும், அப்படிச் சுற்றுகிற மாதிரி புரொப்பல்லரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. நீங்கள் விற்கிற புத்தகத்தில் இருக்கிறது, உங்கள் கடையில் இல்லை.

கணக்கையும் போட்டுக் காட்டுகிறேன். என் மோட்டாரின் கியரில் 13 பல்லும் 27 பல்லும். எஞ்சின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் 1 சுற்று. 4,200-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு 2,019 சுற்று. அதை 9 அங்குலத்தால் பெருக்கி 1,215-ஆல் வகுத்தால் நாட் கணக்கில் வேகம் வரும் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், நிமிடத்துக்கு 1,215 அங்குலம்): 15 நாட். ஜி.பி.எஸ்ஸில் எங்கள் வள்ளம் போனது 6 நாட். 15 நாட் ஓடுவதற்கு வெட்டிய இறக்கை 6 நாட்டில் தண்ணீரைக் கடைந்துகொண்டிருந்தது, மீதி எல்லாம் நழுவல். கனமான வள்ளத்தில் நழுவல் இல்லாமல் இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் நூற்றில் 60 நழுவுவதற்கா நான் மண்ணெண்ணெய் வாங்குகிறேன்?

அவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து பழைய 7 அங்குல பிட்ச் ஒன்றை எடுத்து மாட்டினார். சுற்று 4,600-க்குப் போயிற்று. பிட்ச் ஒரு அங்குலம் குறைந்தால் சுற்று 150 முதல் 200 வரை ஏறும் என்பது பொதுவான கணக்கு, அது பொய்க்கவில்லை. வேகம் ஆறரை நாட். பெரிய வித்தியாசமா என்று கேட்பீர்கள். 27 அடி வள்ளம் தண்ணீரைக் கிழித்துப் போகிறது, மேலே ஏறிச் சறுக்குவதில்லை. ஏழு நாட்டை நெருங்கினாலே தான் எழுப்புகிற அலையிலேயே மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் 25 எச்.பி. வைத்தாலும் எண்ணெய்தான் ஏறும், வேகம் பெரிதாக ஏறாது. வித்தியாசம் வேறு இரண்டு இடத்தில் தெரிந்தது. முன்பு முழுக் கைப்பிடியில் கிடைத்த 6 நாட் இப்போது முக்கால் கைப்பிடியில் கிடைக்கிறது. அப்புறம் அலை தாண்டும்போது கைப்பிடியைத் திருப்பின உடனே வள்ளம் பாய்கிறது. அதற்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது.

25-க்குக் கடன் வாங்காமல் தப்பித்தேன். எத்தனை பேர் தப்பவில்லை என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இதில் மண்ணெண்ணெய்க்கும் ஒரு பங்கு உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற இந்த மோட்டார், பெட்ரோலில் தருகிற சக்தியை மண்ணெண்ணெயில் தராது. அப்படியென்றால் பெட்ரோலுக்குச் சரியாக இருக்கிற பிட்ச் எங்களுக்கு எப்போதும் ஒரு படி கூடுதல். எரிபொருளோடு ஆயில் கலந்து ஓட்டுகிற டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இது, முக்கிக்கொண்டே ஓடினால் சூடாகிறது, பிஸ்டனில் கரி ஏறுகிறது, ரிங் ஒட்டிக்கொள்கிறது. அப்போது "நீங்கள் ஆயில் சரியாகக் கலக்கவில்லை" என்று வாரன்டியை மறுக்கிறீர்கள். சில நேரம் நாங்கள் கலக்காமலும் இருந்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். எல்லா நேரமும் இல்லை.

நம் மாவட்டத்து முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கிய 1980-களில் மோட்டாருக்கு வள்ளம் இலகுவாக இருந்தது. அதற்குப் பிறகு வள்ளம் நீண்டது, பைபர் ஏறியது, தூரம் கூடியதால் ஐஸ் ஏறியது, வலை இரண்டு மடங்கானது. பெட்டிக்குள் வரும் புரொப்பல்லர் மட்டும் மாறவில்லை. கனமான படகுகளுக்கென்று பெரிய விட்டமும் ஏறக்குறைய 3-க்கு 1 கியரும் உள்ள 9.9 மோட்டார்கள் வெளிநாடுகளில் விற்கின்றன. அவை பெட்ரோல் மோட்டார்கள், விலையும் எங்களுக்கு எட்டாது. அதைக் கேட்கவில்லை. இருக்கிற மோட்டாருக்கு 7, 8 அங்குலத்தில் ஆளுக்கொரு புரொப்பல்லரைத்தான் கேட்கிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள், வளையாது என்று சிலர் சொல்கிறீர்கள். மணலிலும் பாறையிலும் இடிக்கிற எங்கள் கரைக்கு வேண்டாம். அலுமினியம் இடித்தால் இறக்கை வளையும், இறக்கையோடு போகும். ஸ்டீல் வளையாமல் அந்த அடியைக் கியருக்குக் கடத்திவிடும்.

எங்கள் ஆட்களையும் சும்மா விடப் போவதில்லை. வளைந்த இறக்கையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டேன் என்கிறோம். மூன்று இறக்கைக்கும் மூன்று பிட்ச் ஆகிவிடுகிறது, மோட்டார் நடுங்குகிறது. மோட்டாரை மேலே தூக்கிக் கட்டுகிறோம், புரொப்பல்லர் காற்றை இழுத்து வெறுமனே கத்துகிறது. அதன் மேல் இருக்கிற தட்டையான தகடு வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். சுற்றிய நைலான் நூலை வெளியே தெரிகிற மட்டும் அறுத்துவிட்டுப் போகிறோம். உள்ளே போன நூல் ஆயில் சீலை அறுத்து, கியர் ஆயில் பால் மாதிரி வெளுக்கும்போதுதான் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கரைக்கு முதலில் வந்தவனுக்கு ஏலத்தில் நல்ல விலை என்பதால் பக்கத்து வள்ளத்து மோட்டாரைப் பார்த்து மோட்டார் வாங்குகிறோம்.

கடைக்காரர்களே, பில்லில் மோட்டார் நம்பரோடு புரொப்பல்லரின் விட்டமும் பிட்சும் எழுதுங்கள். வள்ளத்தின் நீளத்தையும் சுமையையும் கேட்டுவிட்டு மாட்டுங்கள். பொருந்தவில்லை என்று ஒரு வாரத்துக்குள், அடிபடாமல் திருப்பிக் கொண்டுவந்தால் வேறு பிட்சுக்கு மாற்றித் தாருங்கள். கூடுதல் விலை இருந்தால் தருகிறோம்.

சங்கத் தலைவர்களே, மானியத்துக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறீர்கள், நன்றி. ஆனால் அந்தத் தாளில் எச்.பி. எழுத ஒரு கட்டம் இருக்கிறது, வள்ளத்தின் கனம் எழுத ஒன்றும் இல்லை. சங்க அலுவலகத்தில் ஒரு டேக்கோமீட்டரும் மூன்று நான்கு அளவில் பழைய புரொப்பல்லர்களும் வைத்தால், எவரும் எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தமக்கு ஆனதை வாங்கலாம். ஒரு வள்ளத்தின் ஒரு மாத மண்ணெண்ணெய்க் காசில் இதெல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை இல்லாதவர்கள் வந்து பார்க்கலாம். ஜூன், ஜூலையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. அது முடிந்து கடல் கொஞ்சம் அடங்கிய பிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். இரண்டு புரொப்பல்லரையும் எடுத்து வைத்திருக்கிறேன். நாலு பேர் சுமையோடு ஒருமுறை 9, ஒருமுறை 7. கைப்பிடியை நீங்களே பிடியுங்கள். நனைவீர்கள், மாற்றுத்துணி எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வள்ளக்காரன்