பள்ளிக்கூடத் தளத்தில் தேங்கும் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம் நாற்பது வருடம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் வேலை பார்த்தவன் நான். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் பேத்தி நான்காம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வகுப்பைத் திறந்தபோது, அவள் உட்காரும் இடத்தில் முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்து கிடந்தது. ஞாயிறு இரவில் விழுந்திருக்க வேண்டும். பாடம் நடக்கும்போது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

தலைமையாசிரியை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அன்று சாயந்திரமே ஏணி போட்டு மேலே ஏறினேன். இரண்டு நாள் முன்பு பெய்த மழைத் தண்ணீர் கணுக்கால் நனையும் அளவுக்கு அப்படியே நின்றது. தண்ணீர் இறங்கும் குழாய் இரண்டுமே வேப்பஞ்சருகால் அடைத்துப்போயிருந்தன. கைப்பிடிச்சுவர் மூலையில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. தளத்தின் மேல் பதித்த தட்டோட்டைக் கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனேன். பாதித் தளத்தில் பொக்கைச் சத்தம்தான் வந்தது, ஓடு அடியில் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். உடைந்த பெஞ்சுகளை வேறு மேலே கொண்டுபோய் அடுக்கியிருந்தார்கள், அதன் அடியில் ஈரம் காய்வதே இல்லை. நானும் தெருப் பையன்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து சருகை அள்ளி, குழாயைக் குத்திவிட்டு, கன்றையும் வெட்டினோம். வேர் மட்டும் சுவருக்குள் போய்விட்டது, எடுக்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்து அரை நாள் வேலை. அந்த அரை நாள் வேலையைப் பல வருடமாக யாரும் செய்யவில்லை என்பதால்தான் அந்த வகுப்பின் கூரை இன்று இந்த நிலையில் இருக்கிறது.

நின்ற தண்ணீர் ஓட்டு இடுக்கு வழியாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கும். எங்களுடையது கடலோரம், காற்றிலேயே உப்பு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைக் கீழே தள்ளும். காரை விழுகிற அன்று, உள்ளே துரு தொடங்கிப் பல வருடம் ஆகியிருக்கும். நாலாம் வகுப்புக் கூரையில் விழுந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கம்பி பாதியாக இளைத்திருக்கிறது. அதைச் சுற்றிப் பழைய ஒட்டுப்பூச்சு மூன்று தடவை போட்ட அடையாளம் தெரிகிறது. மேலே கசிவை அடைக்காமல், கம்பியில் இருக்கும் துருவைச் சுரண்டாமல், கீழே சிமென்ட் அப்பிச் சுண்ணாம்பு அடித்தால் அது ஒரு மழைக்குத்தான் தாங்கும். அடுத்த முறை விழும்போது கனமாக விழும். இப்படிப் பூசியவர்களும் என் தொழில்காரர்கள்தான் என்பதால் இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

பள்ளிக் கட்டடங்களுக்கு அரசு செலவே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகள் இறந்த பிறகு, மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அடுத்த வருடமே பேராசிரியர் அன்பழகன் பெயரில் 5 ஆண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என்று பள்ளி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. பக்கத்து ஊர்களில் நல்ல புது வகுப்பறைகள் எழும்பியிருக்கின்றன, கண்ணாரப் பார்க்கிறேன். அவற்றின் மேலும் இன்னும் நாலைந்து வருடத்தில் வேப்பஞ்சருகு விழும். அதை அள்ளப்போவது யார்?

இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதில் இல்லை. ஆசிரியர்கள் கல்வித்துறையைச் சேர்ந்தவர்கள், கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. தலைமையாசிரியை எழுதிய கடிதத்தின் நகல்களை எனக்குக் காட்டினார். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறது. கடைசியாக வந்த பதில், மதிப்பீடு மேலே அனுப்பப்பட்டிருக்கிறது என்பதுதான். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி அறுபது எழுபது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம். சாக்பீஸ், பதிவேடு, துப்புரவு எல்லாம் அதில்தான். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவே அதில் மிஞ்சவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் அந்தக் கதவுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று என் பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இலேயே எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடமும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறையும் பிள்ளைகளுக்குத் தர வேண்டியவை என்று எழுதி வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுனாமி வந்தபோதும், 2011 டிசம்பரில் தானே புயலின்போதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் கரை கடந்த ராத்திரியும் எங்கள் தெரு சனம் போய்ப் படுத்தது இந்தப் பள்ளியில்தான். குடிசையை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு வருவார்கள். ஃபெஞ்சல் அன்று கைக்குழந்தைக்காரிகள் ஒழுகாத மூலையைத் தேடித் தேடி இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். அடுத்த புயலுக்கும் அதே அறைக்குத்தான் போகச் சொல்வார்கள்.

ஆவணி பிறந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. கடலோர ஒன்றியங்களில் இருக்கும் ஒவ்வொரு பள்ளியின் மொட்டைமாடியிலும் இந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு பொறியாளர் ஏறிப் பார்க்க வேண்டும். ஏறிய தேதியையும் பார்த்ததையும் பள்ளியிலேயே ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு வருடமும் புரட்டாசிக்குள் இது நடக்க வேண்டும். தளம் கழுவவும் குழாய் சுத்தம் செய்யவும் ஓட்டு இடுக்கு அடைக்கவும் ஆகும் சின்னத் தொகையைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் கையில் தனியாகக் கொடுக்கலாம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள். மழைக்கு முன்னால் வேலை முடிந்ததா என்று அவர்களைவிட அக்கறையாக வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

சருகு அள்ள என்னால் முடியும், வருடா வருடம் ஏறவும் தயார். நாலாம் வகுப்புக் கூரை என் கைக்கு மீறியது. அந்தக் கம்பியைப் பார்த்து, அறை தாங்குமா தாங்காதா என்று எழுதிக் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர்தான் வர வேண்டும். அதுவரை நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து படிக்கின்றன. உங்கள் பத்திரிகை வழியாக இது உரியவர்கள் கண்ணில் பட்டு, மழைக்கு முன் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
கடலூர் முதுநகர்