பேய் விளக்கும் கடலடிக் கேபிளும்

கெலுகோர், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்ணில் புரை எடுத்தபின் எழுதவோ படிக்கவோ கூடாதென்று மருமகள் கண்டிப்பு. இன்று பசியாறிய கையோடு உட்கார்ந்துவிட்டேன்.

போர்னியோ தீவிலுள்ள சரவாக்கிலிருந்து நம் பக்கத்துக்குக் கடலுக்கடியில் கரண்ட் கொண்டுவரும் பேச்சு என்ன ஆயிற்று, அதை ஏன் ஒரே திசையில் ஓடும் டி.சி.யில் அனுப்பப் பார்த்தார்கள், டி.சி. என்றால் டார்ச் லைட் பேட்டரிதானே என்று கேட்டிருந்தாய். நீயே இப்படிக் கேட்கலாமா? தியேட்டர் ஆபரேட்டர் ரூமில் எடுபிடிகளாக நின்றோமே, மறந்துவிட்டாயா? மூலையில் இரும்புக் கூண்டு, அதற்குள் ஒரு கண்ணாடிக் குடுவை. அடியில் பாதரசம், பக்கவாட்டில் நண்டுக்கால் மாதிரி குழாய்கள். சுவிட்சைப் போட்டதும் ஊதா வெளிச்சம் துடிக்கும்; பாதரசத்தின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி நிலைகொள்ளாமல் ஓடும். நீ அதைப் பேய் விளக்கு என்பாய். படம் காட்டும் கருவிக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி சீராக எரிய டி.சி. வேண்டும், வெளியிலிருந்து வந்த ஏ.சி.யை, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட்டை, அந்தப் பேய்தான் மாற்றிக் கொடுத்தது.

அதே பாதரச வித்தையைப் பெரிதாக்கித்தான் 1954-ல் சுவீடன்காரர்கள் தங்கள் கோட்லாந்து தீவுக்கு மின்சாரம் அனுப்பினார்கள். அதற்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர் ஊனோ லாம் என்ற பொறியாளர். 100 கிலோவோல்ட், 20 மெகாவாட், கடலுக்கடியில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? கேபிள் ஒன்றுதான். கரண்ட் திரும்பி வரும் வழி, கடல்!

ஏ.சி.யில் ஏன் முடியாது என்றால், கேபிளே ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சாமான். உள்ளே செம்பு, நடுவில் இன்சுலேஷன், வெளியே உலோக உறை, அதுவும் கிலோமீட்டர் கணக்கில் நீளம். ஏ.சி. நொடிக்கு 50 சுற்று அதை நிரப்பிக் காலி செய்து, எதிர்ப்பக்கமாக நிரப்பி மறுபடி காலி செய்கிறது. நீளம் கூடக் கூட, கேபிளின் தாகத்தைத் தீர்க்கவே கரண்ட் சரியாகப் போய்விடும், அக்கரைக்கு மிஞ்சாது. டி.சி.யில் ஒருமுறை நிரம்பினால் அதோடு சரி. நம் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே குறுகலான இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான், அதனால் நமக்கு ஏ.சி.யே போதும்.

சரவாக்கின் பக்குன் அணை தரும் 2,400 மெகாவாட்டுக்குக் கடல்வழி மட்டும் சுமார் 670 கிலோமீட்டர். 1997 பண நெருக்கடியில் கேபிள் பேச்சு படுத்தது, அப்புறம் எழுந்து மறுபடி படுத்தது. அணை வேலை செய்கிறது. அலுமினியம் உருக்கும் ஆலைகள் சரவாக்கிலேயே கரண்ட்டை வாங்கிக்கொள்கின்றன. எனக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. டாஸ்மேனியா கதையைப் படித்ததிலிருந்து கொஞ்சம் பயம்தான்.

ஆஸ்திரேலியாவின் பெருநிலத்திலிருந்து அந்தத் தீவுக்குப் போகும் பாஸ்லிங்க் கேபிள், கடலுக்கடியில் 290 கிலோமீட்டர். 2015 டிசம்பரில் நடுக்கடலில் எங்கோ பழுது. கப்பல் போய்த் தேடி, வெட்டி, தூக்கி, ஒட்டி முடிக்க அடுத்த ஜூன் ஆகிவிட்டது. அந்த வருடம் பார்த்து மழையும் பொய்த்து, நீர்மின் அணைகள் வற்றின. டீசல் ஜெனரேட்டர்களை இறக்கித்தான் சமாளித்தார்கள். கேபிள் இருக்கிறதே என்று ஊருக்குள் இருக்கும் மின்நிலையங்களை மூடிவிடக் கூடாது, அவ்வளவுதான் நான் சொல்வது.

இன்னொன்று. 1996 ஆகஸ்ட் 3 நினைவிருக்கிறதா? கரண்ட் போய்த் தீபகற்பம் முழுக்க இருண்டதே, அந்தச் சனிக்கிழமை? ஏ.சி.யில் எல்லாரும் ஒரே தாளத்தில் ஆடுகிறோம். ஒருவன் கால் தடுக்கினால் வரிசையே சாயும். டி.சி. இணைப்பு, கையை மட்டும் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கும். கெடாவில் குருணிலிருந்து தாய்லாந்துக்கு 300 மெகாவாட் டி.சி. லைன் போகிறது. இரண்டு பக்கமும் ஏ.சி. நொடிக்கு 50 சுற்றுதான், நடுவில் கடலும் இல்லை. இருந்தும் டி.சி. போட்டார்கள்.

அப்புறம், முக்கியமான சேதி. போன மாதம் ஜார்ஜ் டவுனில் ஒரு பழம்பொருள் கடைக்குள் நுழைந்தேன். தூசி படிந்த அலமாரியில் நம் பேய்! அதே குடுவையா என்று தெரியாது, அதே ஜாதி. அடியில் பாதரசம் இன்னும் ஆடுகிறது. கடைக்காரர் ஏதோ பழைய மருந்துக்கடைச் சாமான் என்று நினைத்து விலை சொல்கிறார். நான் வாய் திறக்கவில்லை. தைப்பூசத்துக்கு வருவாய் அல்லவா, சேர்ந்து போவோம். பேரம் நீதான் பேச வேண்டும்.

அன்புடன்,
சுப்பையா